பின்சீட்டுக்கு வைத்த மொய்

உக்காருங்க தம்பி. பைய நான் மடியில வச்சுக்கிறேன், நல்லாத் தாராளமா உக்காருங்க. உக்காந்தாச்சா? ஒரு விசயம் சொல்லிடுறேன், பயந்துறாதீங்க. எனக்கு வலிப்பு இருக்கு. வந்தாலும் வரும், வராமலும் போகும். வந்துச்சுன்னா இந்தக் கைப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு விட்டுருங்க, அம்புட்டுதான். சாவி, இரும்புன்னு எதையும் கையில திணிக்க வேணாம். வாயில ஒண்ணும் வைக்க வேணாம். ரெண்டு மூணு நிமிசத்துல தானா நின்னுரும். அஞ்சு நிமிசம் தாண்டுனா மட்டும் கண்டக்டர்ட்ட சொல்லுங்க.

பக்கத்துல யாரு உக்காந்தாலும் இதச் சொல்லிருவேன். செல பேரு கேட்டுட்டு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருவாய்ங்க. அவய்ங்களச் சொல்லிக் குத்தமில்ல. நீங்க உக்காந்திருக்கீங்க. சந்தோசம்.

ஐயையோ, வேணாம் தம்பி. டிக்கெட்டு நான் எடுத்துட்டேன், இந்தா பாருங்க. நல்ல மனசுதான் உங்களுக்கு, இல்லைங்கல. ஆனா நீங்க எனக்கு டிக்கெட்டு எடுத்துட்டா, நாளைக்கு உங்கள எங்க போய்த் தேடிப் பிடிச்சு நான் குடுக்குறது? பன்னண்டு ரூபாதான். பன்னண்டு ரூபாயும் பாக்கி பாக்கிதான. இந்த பஸ்ஸுல எனக்குப் பிடிச்சதே அதான். காசக் குடுத்தோம், டிக்கெட்ட வாங்குனோம். கண்டக்டரு என்னயப் பாத்துச் சிரிக்கவும் வேணாம், நான் அவரப் பாத்துக் கும்பிடவும் வேணாம். ஓசி பாஸுக்கு எழுதிப் போடச் சொன்னாய்ங்க. நான் போடல.

சின்னமனூர்ல லாரி எடை மேடை இருக்குல்ல, வாழைக்கா லாரியெல்லாம் ஏறி எறங்குமே, அங்கதான் வேல எனக்கு. தவமணின்னு கேட்டாச் சொல்லுவாய்ங்க. இருவத்தாறு வருசம். வெறும் லாரி எம்புட்டு, லோடோட எம்புட்டு, கழிச்சா சரக்கு எம்புட்டு. வண்டியே ஓட்டக் கூடாதுன்னு டாக்டரு எழுதிக் குடுத்த ஆளு, நாள் பூராம் வண்டிய எடை போட்டுக்கிட்டு இருக்கேன். சைக்கிள் கூடக் கூடாதுன்னுட்டாரு. பத்தொம்பது வயசுல மொத தடவ வந்துச்சு. அதுலருந்து எங்க போனாலும் ஒருத்தன் பின்னாடிதான் உக்காந்து போகணும். ஒருத்தன் பின்னாடி உக்காந்து போறவன், அவன் முதுகையே பாத்துக்கிட்டுப் போகணும் தம்பி. அது வேற மாதிரி வாழ்க்க.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். இப்பவும் இருக்கான், திருப்பூர்ல. ஆரம்பத்துல அவன்தான் என்ன மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாத்தான். நாலு வருசம் பாத்தான். ஒருநா வீட்டுக்கு ஆளுக வந்திருக்கப்ப ஏதோ பேச்சு வந்து, விரல மடக்கி மடக்கிச் சொன்னான். ஸ்கேனுக்கு இம்புட்டு, மாத்திரைக்கு இம்புட்டு, பஸ்ஸுக்கு இம்புட்டு, ஆஸ்பத்திரியில வாங்கிக் குடுத்த இட்லிக்கு இம்புட்டுன்னு. அம்புட்டுப் பேரு முன்னாடி. நான் சுவத்த ஒட்டி நின்னுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே ஒரு மனுசனும் என்ன நிப்பாட்டி வச்சு விரல மடக்கக் கூடாது.

அதனால வண்டியில ஏத்திட்டுப் போறவங்களுக்கு நான் காசு குடுத்துருவேன். மொதல்ல பால்ராஜுன்னு ஒருத்தன். எங்க ஊரு மேலப்பட்டிக்காரன்தான், சின்னமனூர்ல சிமெண்டுக் கடையில நின்னான். ஒரு நாளைக்குப் பதினஞ்சு ரூபான்னு பேசிக்கிட்டோம். வாங்கிக்கிட்டான். அவன் வண்டியில போறப்ப ஒருநா எனக்கு வரப் போறது தெரிஞ்சுச்சு. எனக்கு வர்றதுக்கு முன்னாடி கருகுன வாசம் ஒண்ணு அடிக்கும். நிப்பாட்டுடான்னேன். நிப்பாட்டி, டீக்கடை பெஞ்சுல எறக்கி விட்டுட்டு, லேட்டாயிருச்சுன்னு போயிட்டான். கண்ண முழிச்சுப் பாக்குறேன், யாருமே தெரிஞ்ச மொகமில்ல. சட்டையெல்லாம் மண்ணு. நீங்க அவன் மேல தப்பும்பீங்க. நான் அப்பிடி நெனைக்கல. பதினஞ்சு ரூபாய்க்கு அம்புட்டுதான் கெடைக்கும். நாந்தான் கொறச்சலாக் குடுத்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் ராஜாங்கம்.

எடை மேடைக்கு எதுத்தாப்புல டயர் ரீட்ரேடிங் கம்பெனி இருக்கு, தேஞ்ச டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவாய்ங்க. அதுல மாஸ்டரு. அவனும் மேலப்பட்டிதான், தெக்குத் தெரு. என் வயசுதான். அவனாத்தான் வந்து கேட்டான், ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான போறோம், வாடா மாப்ளன்னு. எனக்கு இப்பிடி இருக்குன்னு சொன்னேன். பின்னாடி உக்காந்திருக்கப்ப வந்தா என்னடா பண்ணுவன்னு கேட்டேன். தோள்ல கெடந்த துண்ட எடுத்தான். என் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேத்துச் சுத்தி முன்னாடி முடிச்சுப் போட்டான். இப்ப விழுந்தா ரெண்டு பேரும் சேந்துதான் விழணும் மாப்ள, வான்னான். ஒம்பது வருசம் தம்பி. தெனமும் காலையில அஞ்சே முக்காலுக்கு அந்த முடிச்சு. பாக்குறவய்ங்க எல்லாம் சிரிப்பாய்ங்க. மாட்டையும் கன்னையும் கட்டி ஓட்டிட்டுப் போறான் பாருன்னு டீக்கடையில சொல்லுவாய்ங்க. அவன் ஹாரன அடிச்சுக்கிட்டே போயிருவான்.

காசு குடுத்தேன். வாங்கல. வண்டி எனக்காக ஓடுதுடா, நீ சும்மா பின்னாடி உக்காந்து வர்றன்னான். சரின்னு டீக்குக் குடுப்பேன். மறுநா அவன் வடையோட சேத்துக் குடுத்துருவான். பஞ்சரானா நான் குடுத்துருவேன், அந்த வாரமே அவன் பொண்டாட்டி பேச்சியம்மா எனக்கு ஒரு தூக்குவாளி நெறயா மீன் கொழம்பு குடுத்து விடும். பேச்சியம்மா என்ன அண்ணேன்னுதான் கூப்பிடும். அதுக்குக் கூடப் பொறந்த ஆம்பள கெடையாது, ஒத்தைப் பொண்ணு. ஒனக்கு ஒரு தங்கச்சி கெடச்சிருக்குடா, அனுபவின்னு ராஜாங்கம் சொல்லுவான். எனக்கு அந்த மீன் கொழம்பு தொண்டையில எறங்காது. ருசியாத்தான் இருக்கும். ஆனா எண்ணிக்கிட்டே திங்கிற மாதிரி இருக்கும். எதக் குடுத்தாலும் அதுக்கு மேல ஒண்ணு வந்து விழுது, நான் எப்பதான் நேராகுறது.

அவன் பின்னாடி உக்காந்து போறப்ப மூணு தடவ வந்துச்சு. மூணு தடவயும் துண்டு பிடிச்சுக்கிச்சு. வண்டிய ஓரங்கட்டி, என்ன எறக்கி, ஓடப் பாலத்துத் திண்டுல படுக்க வச்சு, தலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். ஒருவாட்டி உடுப்பெல்லாம் நனஞ்சு போச்சு. அவன் வேட்டிய அவுத்து எனக்குக் கட்டி விட்டுட்டு, டவுசரோட வண்டி ஓட்டிட்டு வந்தான் ஊருக்குள்ள. அன்னைக்கெல்லாம் அவனுக்கு அரை நாள் சம்பளம் போயிரும். கம்பெனியில பிடிச்சுருவாய்ங்க. எங்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல. நானா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, ஒம்பது வருசத்துல அவன் ஒருநா கூட விரல மடக்குனதில்ல. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. மடக்காதவன் மனசுக்குள்ள எம்புட்டு மடக்கி வச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்.

போன வருசத்துக்கு முந்துன ஆவணியில அவன் மக யோகலட்சுமிக்குக் கல்யாணம் வச்சான். பையன் போடியில எலக்ட்ரீசியன். ராஜாங்கம் கல்யாணத்துக்குக் கடன் வாங்கி அல்லாடுறான், எனக்குத் தெரியுது. நான் நெனச்சேன், இதான் நேரம். கையில குடுத்தாத்தான வாங்க மாட்டேங்கிறான்? மொய்யா வச்சா? மொய்ய வேணாம்னு சொல்ல முடியாதுல்ல. ஊரறிய வைக்கிறது. வாங்கித்தான் ஆகணும். இந்த யோசன வந்த அன்னைக்கு நான் எம்புட்டு சந்தோசமா இருந்தேன் தெரியுமா, ரெண்டு இட்லி கூடத் தின்னேன்.

மூணு ஞாயித்துக்கெழம உக்காந்து கணக்குப் போட்டேன். பெட்ரோல் வெல வருசா வருசம் மாறிக்கிட்டே இருந்துச்சுல்ல, அதெல்லாம் பழைய காலண்டர்ல குறிச்சு வச்சிருந்தேன். பெட்ரோல்ல பாதி என் பங்கு. டயர் தேய்மானத்துல ஒரு பங்கு. ஆயிலு. அவன் லீவு போட்ட நாளு, நான் லீவு போட்ட நாளு, ரெண்டையும் கழிச்சேன். அப்புறம் அந்த மூணு அரை நாள் சம்பளம், ஒரு வேட்டி. மொத்தம் நாப்பத்தேழாயிரத்து அறுநூறு வந்துச்சு. மொய்ங்கிறதுக்காக ஒரு ரூபா. அவன் ஏமாந்துறவும் கூடாது, நான் பெருமைக்குக் கூட்டி வச்ச மாதிரியும் இருக்கக் கூடாது. மேடையில லாரி நிக்கிற மாதிரி நின்னுச்சு கணக்கு, இங்கிட்டு ஒரு கிலோ அங்கிட்டு ஒரு கிலோ இல்லாம.

கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடி பேச்சியம்மா வீட்டுக்கு வந்துச்சு, பாக்கு வெத்தலையோட. அண்ணே, மாமன் மொறைக்கு நீங்கதாண்ணே மேடையில நிக்கணும், எனக்கு வேற யாரு இருக்காங்க, யோகா உங்களத்தான் மாமான்னு சொல்லிக்கிட்டு இருக்குன்னுச்சு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ணே, ஒரு மால வாங்கிட்டு வந்து பிள்ளை கழுத்துல போடுங்க, அது போதும்னுச்சு.

நான் பாப்போம்மான்னு சொன்னேன். என்ன சொல்லுறது? மேடையில எனக்கு வந்துருச்சுன்னா? தாலி கட்டுற நேரத்துல நான் விழுந்து கையக் கால உதறிக்கிட்டுக் கெடந்தா, அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் பூராம் அதச் சொல்லிக் காட்ட மாட்டாய்ங்களா மாப்பிள்ளை வீட்டுல? எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப நடந்தது அதான். அதெல்லாம் இப்ப எதுக்கு. அதுவுமில்லாம, மாமன் மொறைன்னு போய் நின்னா மாலயும் சேலையும் ஒரு தட்டும், ஆறேழாயிரத்துல முடிஞ்சிரும். மிச்சத்த எந்த மொறையில குடுக்குறது? மாமன் செஞ்சா அது செய்மொறை, அது கடனுக்குக் கழியாதுல்ல. என் கணக்கு அப்பிடியே நின்னு போகும். அதனால நான் வேணும்னே லேட்டாப் போனேன். தாலி கட்டி முடிச்சு, பந்தி ஓடிக்கிட்டு இருக்கப்பத்தான் மண்டபத்துக்குள்ள போனேன்.

எங்க பக்கத்துல மொய்ய மைக்குல வாசிப்பாய்ங்க. நீங்க கேட்டிருக்கீங்களோ என்னமோ. நான் போய் வரிசையில நின்னேன். எழுதுறவன் என்னப் பாத்ததும், வாங்க, தாய்மாமன்னு மொத வரி உங்களுக்காக விட்டு வச்சிருக்கச் சொல்லுச்சு அந்தம்மா, காலையிலருந்து காலியாக் கெடக்குன்னான். நான், இல்ல இல்ல, கீழயே எழுதுப்பா, எடை மேடை தவமணின்னு போடுன்னேன். கவரப் பிரிச்சு எண்ணுனான். திருப்பி எண்ணுனான். மைக்குக்காரன்ட்டக் குடுத்தான். அவன் வாசிச்சான். மேலப்பட்டி எடை மேடை தவமணி, நாப்பத்தேழாயிரத்து அறுநூத்தி ஒண்ணு. அப்பிடியே நின்னுட்டு, தொகையத் தப்பாப் படிச்சிட்டோமோன்னு திருப்பி வாசிச்சான். மண்டபமே திரும்பிப் பாத்துச்சு தம்பி. அதுவரைக்கும் ஐநூத்தி ஒண்ணு, ஆயிரத்தி ஒண்ணு, மிஞ்சிப் போனா அஞ்சாயிரத்தி ஒண்ணு. என் பேருதான் பெருசு. என்ன வேடிக்க பாக்குறதுக்கு மட்டுமே திரும்புன கூட்டம் அன்னைக்கு மரியாதையா திரும்பிப் பாத்துச்சு. நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சாப்பிடப் போனேன்.

ராஜாங்கம் மேடைக்குப் பக்கத்துல நின்னான். அவன் மூஞ்சியில சிரிப்பில்ல. மக கல்யாணம், அலுப்பா இருக்கும்னு நெனச்சேன். பேச்சியம்மா பந்திப் பக்கமே வரல. அந்தப் பிள்ளை கழுத்துல பேச்சியம்மாவோட பங்காளி வீட்டுப் பையன் யாரோதான் மால போட்டானாம்.

திங்கக்கெழம காலையில வந்தான், அஞ்சே முக்காலுக்கு. துண்டையும் கட்டுனான். எடை மேடையில எறக்கி விட்டுட்டு, வண்டிய நிப்பாட்டாமலேயே கேட்டான். வெள்ளிக்கெழம வரைக்கும் தீந்துருச்சு, இன்னையிலருந்து என்ன ரேட்டுன்னு.

நீங்க என்ன தம்பி அப்பிடிப் பாக்குறீங்க? நியாயமான கேள்விதான? ஒம்பது வருசமா நான் அவன் வாயிலருந்து கேக்கணும்னு நெனச்ச கேள்வி. எனக்கு ஒரு பெரிய பாரம் எறங்குன மாதிரி ஆயிருச்சு. நானும் ஒளிவு மறைவில்லாம முழுக் கணக்கையும் சொன்னேன். பெட்ரோல் இம்புட்டு, டயர் இம்புட்டு, ஒனக்கு என்னால போச்சு பாரு மூணு அரை நாளு, அதையும் விடல மாப்ள, வேட்டியக் கூடச் சேத்திருக்கேன்னு சொன்னேன். இனிமே நாளைக்கு இருவத்தஞ்சு வச்சுக்கலாம்னேன். ஹெல்மெட்டு போட்டிருந்தான், மூஞ்சி சரியாத் தெரியல. அந்தப் பாலத்துல உக்காந்திருந்ததுக்குமாடான்னு கேட்டான். ஆமா, அதுக்கும்தான்னு சொன்னேன். தலைய ஆட்டுனான். கைய நீட்டுனான். இருவத்தஞ்சு ரூபாயக் குடுத்தேன்.

மறுநா துண்டக் கொண்டு வரல. மறந்துட்டேன்னான். அதுக்கு மறுநாளும் மறந்துட்டேன்னான். நான் சீட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டே போனேன். பதினோரு நாள் வந்தான். பதினோரு நாளும் காசு வாங்குனான், எண்ணிப் பாக்காம பைக்குள்ள போட்டுக்கிட்டான். பன்னண்டாம் நாள் சொன்னான், வேற ஆளப் பாத்துக்க தவமணின்னு.

மாப்ளன்னு சொல்லல பாத்தீங்களா.

கட்டுபடியாகலையா, முப்பதுன்னாலும் சரின்னேன். அவன் கம்பெனி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தோம். அவன் சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். மொதல்ல நான் ஒனக்குத் திருப்பி வைக்கணும்ல தவமணின்னான். மொய் வாங்குனவன் திருப்பி வைக்கலைன்னா ஊரு காறித் துப்பும். ஒன் வீட்டுல என்ன விசேசம் வரப் போகுது, சொல்லு. ஒனக்குக் கல்யாணமா, ஒம் பிள்ளைக்குக் காதுகுத்தா? நான் எதுல வந்து திருப்பி வைப்பேன்? வாழ்நாள் பூராம் என்னக் கடன்காரனா நிக்க வச்சிட்டியேன்னான்.

அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, அவன் கோவம் எதுக்குன்னு. கடன்ல நிக்கிறது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்? தப்பு என்மேலதான். அவன் திருப்பி வைக்கிறதுக்கு நான் ஒரு வழி வச்சுக் குடுக்கல.

அதுலருந்து இந்த பஸ்ஸுதான். ஆறு மணிக்கு வரணும்னா பஸ் கெடையாது. மொதலாளிகிட்டச் சொல்லி எட்டு மணிக்கு மாத்திக்கிட்டேன், சம்பளத்துல ரெண்டாயிரம் கொறச்சுக்கிட்டாரு. அது பரவால்ல. காலையில அஞ்சே முக்காலுக்கு முழிப்பு வந்துரும் தம்பி. குளிச்சுட்டு, சட்டையப் போட்டுக்கிட்டு, வாசல்ல உக்காந்திருப்பேன். அவன் வண்டிச் சத்தம் மேலத் தெரு வழியாப் போகும். முன்னெல்லாம் எங்க தெரு வழியா வரும். மேலத் தெரு சுத்து. ஒண்ணரக் கிலோமீட்டர் கூட. அம்புட்டுப் பெட்ரோலு வீணு.

வீட்டுல விசேசம் வேணும்னு சொன்னான்ல. நான் என்ன செஞ்சேன், வீட்டுக்கு மேல கெடந்த தகரச் சீட்டப் பிரிச்சுட்டு தளம் போட்டேன். இருந்த சேமிப்பு பூராம் அதுல போச்சு. தளம் எனக்கு எதுக்கு, ஒத்த ஆளுக்கு? கிரகப்பிரவேசம் வைக்கலாம்ல, அதுக்குத்தான். போன தை மாசம் நாள் குறிச்சு, பத்திரிகை அடிச்சு, மொதப் பத்திரிகைய ராஜாங்கம் வீட்டுக்குத்தான் கொண்டு போனேன். பேச்சியம்மா தண்ணி குடுத்துச்சு. வாங்கன்னுச்சு. அண்ணேன்னு சேக்கல. யோகா எப்பிடி இருக்குன்னு கேட்டேன், முழுகாம இருக்குன்னுச்சு. அம்புட்டுதான் பேச்சு. வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு.

நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தேன். சாம்பாரு, வத்தக்கொழம்பு, ரெண்டு பொரியலு, அப்பளம், பாயாசம். முப்பத்திச் சொச்சம் பேரு வந்தாய்ங்க. அண்ணன் வரல, போன்ல சொன்னான். மொய் எழுத ஆளு வேணும்ல, யாரும் அமையல. நானே ஒரு மேசையப் போட்டு, சந்தனக் கிண்ணத்த வச்சுக்கிட்டு, என் வீட்டு விசேசத்துக்கு நானே மொய் எழுத உக்காந்தேன். ஐயரு கூடச் சிரிச்சாரு. எனக்கு மத்தவங்க மொய்யெல்லாம் கணக்கே இல்ல தம்பி. நான் எதிர்பாத்தது ஒரு ஆளத்தான். அவன் வரணும், வைக்கணும், அவன் கடன் தீரணும். தீந்துருச்சுன்னா அவன் நேரு, நானும் நேரு. ஒருத்தன் மேல ஒருத்தன் பாக்கி இல்லாம, புதுசா மொதல்லருந்து ஆரம்பிக்கலாம்ல. அதான் என் எண்ணம். ஒரு துண்டு கூட வாங்கி வச்சிருந்தேன், அவனுக்குன்னு. புதுசு.

பதினோரு மணிக்கு வந்தான். தனியாத்தான் வந்தான். வெள்ளச் சட்ட போட்டிருந்தான். எந்திரிச்சு வாடா மாப்ளன்னேன். மேசைக்கு முன்னாடி நின்னு கவர நீட்டுனான். அவன் அதுக்கு வட்டிக்கு வாங்குனான், பேச்சியம்மா சங்கிலி அடகுக் கடையில இருக்குன்னெல்லாம் இப்பச் சொல்லிக்கிறாய்ங்க. அன்னைக்கு எனக்கு அது தெரியாது. நான் கவரப் பிரிச்சு எண்ணுனேன். அவன் கண்ணு முன்னாடியே எண்ணுனேன். எண்ணணும்ல, அதான மொறை.

நீங்க வெளியூரு. எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. மொய்யத் திருப்பி வைக்கிறப்ப யாருமே வாங்குன அதே தொகைய வைக்க மாட்டாய்ங்க. நூறோ அம்பதோ கூடச் சேத்துத்தான் வைப்பாய்ங்க. அந்தக் கூடுதலுக்கு அடுத்த விசேசத்துல இவன் அவனுக்குச் செய்யணும். அப்புறம் அவன் இவனுக்கு. இப்பிடியே போயிக்கிட்டு இருக்கும், சாகுற வரைக்கும் தீராது. தீரக் கூடாதுன்னுதான் கூட வைக்கிறது. சரிக்குச் சரி வச்சா, இத்தோட ஒனக்கும் எனக்கும் முடிஞ்சதுன்னு அர்த்தம். வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்ல.

ஐநூறு ரூபா நோட்டு தொண்ணூத்தஞ்சு. நூறு ரூபா ஒண்ணு. ஒரு ரூபாக் காசு ஒண்ணு. எண்ணி முடிச்சிட்டேன். திருப்பியும் எண்ணுனேன். கவருக்குள்ள விரல விட்டுப் பாத்தேன். கவுத்து மேசையில தட்டிப் பாத்தேன். ஒண்ணும் விழல.

சரியா இருக்கான்னு கேட்டான்.

சரியா இருக்குன்னேன்.

எழுதிக்கன்னான். எழுதுனேன். எழுதி முடிக்கிற வரைக்கும் நின்னான். சாப்பிட்டுப் போடான்னேன், எல போட்டிருக்கு, பாயாசம் இருக்குன்னேன். வேல கெடக்குன்னு சொல்லிட்டு வாசலப் பாத்து நடந்தான். கை நனைக்கல. அந்தத் துண்டு மேசைக்குள்ளதான் இருந்துச்சு, எடுத்துக் குடுக்கணும்னு தோணவே இல்ல எனக்கு. நான் அந்தக் காசையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

நூறு வேணாம் தம்பி. அம்பது வேணாம். ஒத்த ரூபா. ஒத்த ரூபா கூட வச்சிருந்தான்னா யோகா பிள்ளைக்குக் காதுகுத்துன்னு சொல்லி நான் போய் நின்னிருப்பேன். வாசல்ல நின்னு, ஒங்களுக்கு ஒரு ரூபா மொய் பாக்கியிருக்கு, அதான் வந்தேன்னு சொல்லியிருப்பேன். அந்தப் பிள்ளை பொறந்து இப்ப மூணு மாசம் ஆகுதாம். ஆம்பளப் பிள்ளையாம். டீக்கடையில பேசிக்கிட்டாய்ங்க.

நீங்க எறங்குற எடம் வந்துருச்சுன்னு நெனைக்கிறேன். பாத்து எறங்குங்க, படி ஒசரம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. கொறச்சு வச்சவன்கிட்டச் சண்டைக்குப் போகலாம். கூட வச்சவன்கிட்ட உறவு கொண்டாடிப் போகலாம். சரியா வச்சவன் வீட்டுக்கு என்னத்தச் சொல்லிக்கிட்டுப் போக?